நீலம் ஏறிய இரும்பு

பெரியப்பா, என் அப்பாவின் வலது கண்ணைப் பறித்தவர் நீங்கள்.

வெடித்த துவக்கு பறிக்கவில்லை. அப்பாவின் கவனக்குறைவும் பறிக்கவில்லை. நீங்கள்தான்.

ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குச் சிறுவயது நினைவு ஒன்று வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். கனடாவில் வளர்ந்த பிள்ளைகளின் அனுபவம் என்றார்கள். முதல் பனி, பள்ளிக்கூட பஸ், அப்படி ஏதாவது இனிமையாக எழுதித் தந்தால் போதுமாம். நான் ஸ்காபரோவில் பஸ் ஓட்டுகிறவள். இனிமையாக எழுத எனக்கு வராது. சங்கத்தின் தலைவர் நீங்கள் என்பதால் இது மலரில் வருமோ தெரியாது. வராவிட்டால் வேறு எங்காவது வரும். வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

போன குளிர்கால ஒன்றுகூடலில் பெரியப்பா மேடையில் நின்று ஒரு பகிடி விட்டார். "என்ர தம்பிக்குத் துவக்கைப் பூட்டத் தெரியேல்லை. அதால எங்கள் ரெண்டு பேருக்கும் சேத்து இப்ப மூண்டு கண். நாங்கள் சேந்து நிண்டால் ஒரு சிவபெருமான்!" மண்டபம் முழுக்கச் சிரித்தது. முன்வரிசையில் இருந்த அப்பாவும் சிரித்தார். சிரிக்கும்போது அவருடைய செயற்கைக் கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வரும். அதைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தப் பகிடியை நான் வளர்ந்த காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் போதும் என்று பட்டது.

அது நடந்தபோது எனக்குப் பத்து வயது. மோர்னிங்சைட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா பாண் ரொட்டி செய்கிற தொழிற்சாலையில் இரவு வேலை. பெரியப்பா ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இரும்பு கடையும் வேலை. அவர்தான் எங்கள் குடும்பத்தில் முதலில் வந்தவர். பார்க்டேலில் ஓர் அறைக்குள் பல பேரோடு படுத்து எழும்பி, பிறகு அப்பாவைக் கூப்பிட்டவர். "அண்ணை கூப்பிட்டிராட்டில் நான் எங்க நிண்டிருப்பன்?" என்று அப்பா அடிக்கடி சொல்வார். எங்கள் வீட்டில் சாமிப்படத்துக்கு அடுத்தபடியாகக் கும்பிடப்பட்டது அந்த வசனம்தான்.

பெரியப்பாவின் தொழிற்சாலை வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு கார்த்திகையும் மான் வேட்டைக்கு வடக்கே போவார்கள். தங்களோடு வரும்படி அவரையும் ஒருமுறை கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. தனியே போகக் கூச்சம் என்று அப்பாவையும் துவக்கு லைசென்ஸ் வகுப்புக்கு இழுத்தார்.

அப்பா ஊரில் துவக்கைத் தொட்டதே இல்லை. துவக்குக்கு முன்னால் கை உயர்த்தித்தான் பழக்கம். அம்மா கொதித்தாள். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து காசு குடுத்து வாங்கப் போறியளோ?"

"அண்ணை ஆசைப்படுறார்" என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

வகுப்பு ஆங்கிலத்தில். அப்பாவின் ஆங்கிலம் பாண் பெட்டியில் ஒட்டுகிற லேபிள் அளவுக்குத்தான். ஆகவே நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். துவக்கை எப்போதும் ஆளில்லாத பக்கம் பிடிக்க வேண்டும். எடுத்தவுடன் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலை விசையில் வைக்கக் கூடாது. கோப்பை கழுவும்போதும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். சோதனையில் பாஸ் செய்தபோது அந்த அட்டையைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தார். துவக்கைப் பூட்டத் தெரியாதவர் என்று நீங்கள் சிரித்த மனிதர் இவர்தான். பெரியப்பா, உங்களுக்கு அந்த விதிகளில் ஒன்றாவது இன்று நினைவிருக்குமா? அப்பா இன்றைக்கும் ஒப்புவிப்பார்.

பெரியப்பா வாங்கியது ஏதோ ஒரு நாட்டு இராணுவம் கழித்துவிட்ட பழைய துவக்கு. அதில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்ற வேண்டும். அதற்கென்று ஓர் இரும்புத் தண்டு இருக்கிறது. போல்ற் என்பார்கள். அதன் கைபிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, திரும்பக் கீழே இறக்கினால் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். தண்டின் முன்முனையில் இரண்டு இரும்புக் காதுகள். வெடிக்கும்போது அந்த வெடி சுடுகிறவரின் முகத்துக்குத் திரும்பாமல் தாங்கிப் பிடிப்பவை அந்தக் காதுகள்தான்.

வெள்ளைக்காரர்களின் துவக்குகளில் ஸ்கோப் இருந்தது. குறி பார்க்கிற தூரக்கண்ணாடி. பெரியப்பாவுக்கும் அது வேண்டும். வாங்கி மேலே பூட்டினார். பூட்டியபின்தான் கோளாறு தெரிந்தது. பழைய துவக்கின் கைபிடி பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதை மேலே தூக்கினால் ஸ்கோப்பில் போய் முட்டுகிறது. டக். திரும்பத் தூக்கினார். டக். கைபிடியைச் சூடாக்கிக் கீழ்நோக்கி வளைத்தால் ஒழிய அந்தத் துவக்கில் ஸ்கோப் வைத்துச் சுட முடியாது.

ஒஷாவா போகிற வழியில் துவக்குத் திருத்துகிற கிழவர் ஒருவரின் கடை இருந்தது. ஒரு சனிக்கிழமை பெரியப்பா, அப்பா, நான் மூன்று பேரும் போனோம். கிழவர் போல்ற்றைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். செய்து தரலாம், ஆனால் வேட்டைக் காலம் முடிந்த பிறகுதான், வேலை குவிந்து கிடக்கிறது என்றார். நானே செய்தால் என்ன என்று பெரியப்பா கேட்டார். கிழவர் போல்ற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். சூடு கைபிடியோடு நிற்க வேண்டும், முன்முனைக் காதுகளுக்குப் போகக் கூடாது. போனால் இரும்பு நீலமாகும். நீலமானால் அது செத்த இரும்பு, குப்பையில் போடு. எல்லாம் சரியாக வந்தாலும் முதல் வெடிகளைக் கையில் பிடித்துச் சுடாதே. துவக்கை ஒரு பழைய வண்டி ரயரில் கட்டு, விசையில் கயிறு கட்டு, ஏதாவது ஒன்றுக்குப் பின்னால் ஒளிந்து நின்று இழு.

பிக்கப் வண்டியில் திரும்பும்போது அப்பா என்னிடம் கேட்டார். "என்னவாம் பிள்ளை?"

எங்கள் வீட்டில் அது என் வேலை. வங்கியில், மருத்துவரிடம், வீட்டுக்காரரிடம், எங்கேயும் ஆங்கிலத்தைத் தமிழாக்குவது நான்தான். ஒரு சொல் விடாமல் சொன்னேன். நீலத்தைச் சொன்னேன். துவக்கை ரயரில் கட்டுவதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏன் அண்ணை ரயரில கட்டச் சொல்லுறான்?" என்றார் அப்பா.

"உவங்களுக்கு எல்லாத்துக்கும் பயம். வேலை பிடிக்கிறதுக்கு வெருட்டுறான். நான் இத்தினை வருசம் இரும்போட மாரடிக்கிறன், எனக்குச் சொல்லித்தாறாராம் உவர்."

அடுத்த நாள் பின்னேரம் பெரியப்பா ரோர்ச்சோடு எங்கள் கராஜுக்கு வந்தார். வாயு எரித்து இரும்பு ஒட்டுகிற சாமான் அது. பெரியம்மா தன் வீட்டில் அதைப் பற்ற வைக்க விடமாட்டாள். எனக்கோ கராஜுக்குள் இருந்த என் சைக்கிள் வேண்டும். அதற்கு முன்னால் அவர் மேசையைப் போட்டுவிட்டார். அவர் முடிக்கட்டும் என்று அம்மா சமைக்கிற குசினியின் படியில் குந்திக்கொண்டிருந்தேன். அப்பா மேலே நித்திரை.

அம்மாவின் குசினித் துணியை நனைத்துப் போல்ற்றின் முன்பக்கத்தில் சுற்றினார். சூடு முன்னால் போகாமல் இருக்க. அதுவரை சரிதான். கைபிடியில் நெருப்பைப் பிடித்தார். அது சிவந்து வரும்போது அவருடைய தொலைபேசி அடித்தது. தொழிற்சாலைக்காரன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, தான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் அளந்தார். துவக்குத் திருத்துகிறவன் வேண்டாமாம். தானே செய்கிறாராம். சிரிப்பு வேறு. ஒரு கை நெருப்பை அப்படியே பிடித்தபடி இருந்தது.

ஈரத்துணி ஆவி விட்டது. பிறகு ஆவி நின்றது. பிறகு கருகி மணத்தது. துணியின் கரை எரிந்து கழன்றபோது கீழே இருந்த இரும்பில் நிறங்கள் நடந்து போவதைப் பார்த்தேன். முதலில் பால் விடாத தேத்தண்ணி நிறம். அதற்குப் பின்னால் ஊதா. அதற்குப் பின்னால் மயில் கழுத்து நீலம். கைபிடியிலிருந்து கிளம்பி முன்முனைக் காதுகள் வரைக்கும் போனது.

"பெரியப்பா, நீலம்!"

அவர் தொலைபேசியை வைத்தார். போல்ற்றைக் குறட்டால் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முன்முனையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"வடிவா இருக்கு, என்ன?" என்றார்.

பிறகு கைபிடியைச் சுத்தியலால் அடித்து வளைத்தார். ஆறவிட்டு, எமரிக் கடதாசி எடுத்து, முன்முனையிலிருந்து நீலம் முழுவதையும் தேய்த்தார். பொறுமையாகத் தேய்த்தார். போல்ற் வெள்ளிக் கரண்டி போலப் பளபளத்தது. துவக்குக்குள் போட்டுக் கைபிடியைத் தூக்கினார். ஸ்கோப்பில் முட்டவில்லை.

அப்பா எழும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நீலமாகேல்லைத்தானே அண்ணை?"

"சீச்சீ" என்றார் பெரியப்பா.

"ஆனதப்பா! பெரியப்பா தேச்சு எடுத்துப்போட்டார்" என்றேன் நான். பெருமையாகத்தான் சொன்னேன். நோய் வந்தது, பெரியப்பா சுகமாக்கிவிட்டார். எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

அப்பா என்னைப் பார்த்தார். தமையனைப் பார்த்தார். பெரியப்பாவின் முகம் இறுகியது. "சின்னப் பிள்ளையின்ர கதையைக் கேட்டு எனக்கு இரும்பு படிப்பிக்கப் போறியோ?"

"இல்லை அண்ணை. சும்மா கேட்டனான்."

ஓர் ஏச்சு, அதற்கு ஒரு மன்னிப்பு. எங்கள் ஆட்களிடம் இதற்குப் பெயர் மரியாதை.

வந்த ஞாயிறு ஸ்கோப்பைச் சரிபார்க்கப் போனோம். ஒஷாவாவுக்கு வடக்கே பெரியப்பாவின் தொழிற்சாலைக் கூட்டாளி ஒருவரின் பண்ணை. கூட்டாளி தேவாலயத்துக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு அன்று வேலை, வீட்டில் என்னைப் பார்க்க ஆளில்லை. அதனால் நானும் போனேன். நாங்கள் மூன்று பேரும்தான், வேறு யாரும் இல்லை.

பட்டிக்குப் பக்கத்தில் பழைய உழவு யந்திர ரயர் ஒன்று புல்லுக்குள் கிடந்தது. நான் துள்ளினேன். "பெரியப்பா, ரயர்! கட்டுவம்!"

பெரியப்பா அப்பாவின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார். "உன்ர கொப்பற்ற தொப்பையை விட நல்ல ரயர் எங்க கிடைக்கும்? உது காணும்."

மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான்.

"தம்பி, நீ முதல் அடி" என்றார். தன்னுடைய துவக்கை, தான் ஆசைப்பட்டு வாங்கியதை, முதலில் தம்பிக்குக் கொடுத்தார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. எங்கள் வீட்டில் கோழியின் கால் துண்டு கூட முதலில் பெரியப்பாவின் கோப்பைக்குத்தான் போகும். அன்றைக்கு அப்பாவுக்கு முதல் இடம்.

சத்தம் காதைக் கிழிக்கும் என்று என்னைப் பிக்கப் வண்டிக்குள் இருத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். வண்டிக்கு முன்னால், கொஞ்சத் தூரத்தில் மரமேசை. அப்பா அதில் முழங்கைகளை ஊன்றிக் குந்தினார். துவக்கைத் திறந்து, உள்ளே பார்த்து, உதடுகள் அசைய விதிகளைச் சொல்லிக்கொண்டு தோட்டாவை ஏற்றினார். கைபிடியைக் கடைசிவரை கீழே இறக்கினார். அதைச் சரியாக இறக்கினாரா என்று கையால் ஒருமுறை அழுத்தியும் பார்த்தார். நான் பார்த்தேன். இதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

முதல் வெடி. பெரியப்பா அவருக்குப் பக்கத்திலேயே நின்றார். "நல்ல அடி!"

இரண்டாவது வெடி. அதன் பிறகு அப்பா கைபிடியைத் தூக்கினார், அது வரவில்லை. எழும்பி நின்று இரண்டு கையாலும் தூக்கினார். கண்ணாடி ஏற்றியிருந்தும் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "அண்ணை, இறுகுது."

பெரியப்பா கிட்டப் போனார். உள்ளங்கையால் ஓர் அடி அடித்துப் போல்ற்றைத் திறந்தார். கழன்று விழுந்த தோட்டாவின் வெறுங்கோதை எடுத்து, வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழிற்சாலையில் நாள் முழுக்க இரும்பை அளக்கிற மனிதர் அவர். கோதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டார்.

"புது வேலையல்லோ, இறுக்கமாத்தான் இருக்கும். இன்னொண்டு அடி" என்றார்.

அப்பா குந்தினார்.

மூன்றாவது வெடியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. துவக்கின் வாயிலிருந்து வரவில்லை. அப்பாவின் முகத்திலிருந்து வந்தது. புகை, பிறகு அப்பா மேசைக்குக் கீழே. அவர் கத்தவில்லை. கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அண்ணை, அண்ணை" என்று மட்டும் கூப்பிட்டார். விரல்களுக்கு நடுவால் வந்ததை நான் எழுதப் போவதில்லை.

ஆம்புலன்சுக்குக் காத்திராமல் பெரியப்பாவே ஓட்டிக்கொண்டு போனார். நான் நடுவில் இருந்து அப்பாவின் முகத்தில் துவாயைப் பிடித்திருந்தேன். வழி முழுக்கப் பெரியப்பா ஒரே வசனத்தைச் சொன்னார். "தம்பி, நீ போல்ற்றைச் சரியா இறக்கேல்லை, என்ன? அதுதான் நடந்தது. நீ சரியா இறக்கேல்லை." ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் சொன்னார். நான் அப்பாவுக்கு லைசென்ஸ் விதிகளைச் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான். ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது அப்பாவுக்குப் பாடமாகிவிட்டது. "ஓம் அண்ணை. நான்தான் இறக்கேல்லை."

பொலிஸ்காரி ஒருத்தி வந்தாள். அடிபட்டவரின் வாயாலேயே கேட்க வேண்டும் என்று பெரியப்பாவை வெளியே நிற்கச் சொன்னாள். அப்பாவின் முகத்தில் பாதிக்குக் கட்டு. அவர் தமிழில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பா போல்ற்றைச் சரியாகப் பூட்டவில்லையாம். பொலிஸ்காரி எழுதிக்கொண்டாள். என் தலையைத் தடவி, கெட்டிக்காரி என்றாள். துவக்கைக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

அப்பாவைத் தொழிற்சாலையில் யந்திரத்தை விட்டு எடுத்துப் பெட்டி மடிக்கிற வேலையில் போட்டார்கள். பெரியப்பா வேட்டைக்குப் போனார். அந்த வருடமே போனார், கூட்டாளி ஒருவரின் துவக்கை இரவல் வாங்கிக்கொண்டு. மான் இறைச்சியும் கொண்டுவந்து தந்தார். அம்மா அதை அவர் போனவுடன் குப்பையில் கொட்டினாள். அவள் செய்த ஒரே எதிர்ப்பு அதுதான்.

பஸ் ஓட்டத் தொடங்கிய பிறகு நான் ஒன்று கற்றுக்கொண்டேன். அளவுக்கு மீறிச் சூடான பிரேக் தட்டு நீலமாகும். எங்கள் டிப்போவில் அதை யாரும் தேய்த்துத் திருப்பிப் போடுவதில்லை. கழற்றி எறிவார்கள். தேய்த்தால் நிறம்தான் போகும். இரும்பு கெட்டது கெட்டதுதான். முதன்முதலில் அப்படி ஒரு தட்டைப் பார்த்தபோது, பெரியப்பா, நீங்கள் கராஜில் நின்று "வடிவா இருக்கு, என்ன?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

ஆனால் நான் இதை எழுதுவது நீலத்துக்காக இல்லை. தெரியாமல் செய்துவிட்டேன், அவசரப்பட்டுவிட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். நானும் நம்பப் பார்ப்பேன். நான் எழுதுவது ஒரு கண்ணாடிக்காக.

பஸ் ஓட்டுகிறவளுக்குப் பக்கக் கண்ணாடி பார்ப்பதுதான் வேலை. ஒவ்வொரு தரிப்பிலும் பார்க்கிறேன். ஒவ்வொரு தரிப்பிலும் அந்த ஞாயிற்றுக்கிழமையும் தெரிகிறது. வெறுங்கோதைப் பைக்குள் போட்டு, இன்னொன்று அடி என்று சொல்லிவிட்டு, நீங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. முதல் இரண்டு வெடிக்கும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. நடந்து வந்தீர்கள். நான் இருந்த கதவைத் தாண்டிப் போனீர்கள். வண்டியின் பக்கக் கண்ணாடியில் உங்களைப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் பின்னால் குந்தி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

நீங்கள் என்னோடு ஒளித்துப் பிடித்து விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். கண்ணாடியைப் பார்த்துக் கை காட்டினேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று. நீங்கள் நிமிரவில்லை. அப்போதுதான் வெடித்தது.

உங்களுக்கும் அந்தத் துவக்குக்கும் நடுவில் அப்பா இருந்தார். நானும் இருந்தேன்.

இதை நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால், விடு பிள்ளை என்பார். அவர் உங்களை நோக்கிக் கேட்கப் போவதில்லை, சாகும் வரைக்கும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பார். ஆகவே நான் கேட்கிறேன். ஆண்டு விழாவில் நீங்கள் எப்படியும் மைக்கைப் பிடிப்பீர்கள். அப்பா எப்படியும் முன்வரிசையில் இருப்பார். மூன்று கண் பகிடி வேண்டாம். அத்தனை சனத்துக்கும் முன்னால், அப்பாவின் முகத்தைப் பார்த்து, ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். வண்டிக்குப் பின்னால் ஏன் போனீர்கள்? தமிழிலேயே சொல்லுங்கள். இந்த முறை நான் மொழிபெயர்க்க வரமாட்டேன்.